சித்தப்பா இழுத்த வீடு

எங்கள் ஊர் வாய்க்கால் பாலத்துக்கு இந்தப் பக்கம், அரிசி மில்லை ஒட்டிய திடலில், சக்கரம் வைத்த வீடு ஒன்று இருக்கிறது. சக்கரம் போய் வெகுகாலமாகிறது. பின்னாளில் அதைச் சுற்றி ஒரு கான்கிரீட் வீடு எழும்பி அதை விழுங்கிவிட்டதால் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சமையலறைக்குள் போய்ச் சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும். 'டங்' என்று தகரம் பதில் சொல்லும்.

அந்த வீடு தன் வாழ்நாளில் மேற்கொண்ட ஒரே பயணத்தில் நானும் இருந்தேன். புறப்பட்டது பூம்புகாருக்கு. போய்ச் சேர்ந்தது அந்தத் திடலுக்கு. எங்கள் வீட்டு வாசலிலிருந்து சைக்கிளில் போனால் ஒரு பாட்டை முணுமுணுத்து முடிப்பதற்குள் வந்துவிடும் தூரம். இதைவிடக் குறைவாக நகர்ந்தவர்கள்கூடப் பயணக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள் என்ற தைரியத்தில் நானும் எழுதுகிறேன்.

வீட்டைச் செய்வித்தவர் என் சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி. துபாயில் டிரைவராக இருந்தவர். எங்கள் ஊர்க் கணக்கில் கடல் தாண்டிய எல்லா ஊரும் துபாய்தான். அவர் உண்மையில் எந்த நாட்டில் இருந்தார் என்பது நான் கல்லூரிக்குப் போன பிறகே எனக்குத் தெரிந்தது. அவருடைய முதலாளி குடும்பத்துக்கு ஒரு வினோத வழக்கம். குளிர்காலம் வந்தால் ஊருக்குள் இருக்கிற பங்களாவைப் பூட்டிவிட்டு, பெரிய ஜீப் ஒன்றின் பின்னால் இன்னொரு சிறிய வீட்டை மாட்டி, பாலைவனத்துக்கு இழுத்துக்கொண்டு போய்த் தங்குவார்கள். கட்டில், மேசை, அடுப்பு எல்லாம் அதற்குள்ளேயே. இதைச் சுருக்கமாகச் 'சின்ன வீடு' என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் வேறு காரணங்களுக்காகத் தடை இருந்தது.

அக்கரை வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊர் திரும்பிய நாளில் சித்தப்பா பெட்டியைத் திறந்தார். மற்ற துபாய்க்காரர்களின் பெட்டியிலிருந்து டேப்ரிகார்டர், செண்ட் பாட்டில், பளபளக்கும் சேலை என்று வரும். சித்தப்பாவின் பெட்டியிலிருந்து முதலாளியின் அந்தப் பாலைவன வீட்டின் புகைப்படமும், என் தலையில் பாதி அளவுக்கு ஓர் இரும்புக் குண்டும் வந்தன. குண்டுக்குக் கழுத்து இருந்தது. காரின் பின்னால் பொருத்துவது அது; பின்னால் வரும் வீட்டின் மூக்கில் ஒரு கிண்ணம் இருக்கும்; கிண்ணம் குண்டின் மேல் கவிழ்ந்து உட்கார்ந்து ஒரு கொண்டியில் மாட்டிக்கொள்ளும். அவ்வளவுதான் கொக்கி. சித்தப்பா இதை விளக்கிக்கொண்டிருந்தபோது சித்தி அந்தக் குண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவன் கடல் கடந்து கொண்டுவந்த பொருளைக் கழுத்தில் போட்டுக்கொள்ள முடியாது என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"உள்ள அடுப்பு இருக்கும்னீங்களே. அது தனி அடுப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

"பின்ன? தனி அடுப்பு, தனி சிலிண்டரு, பாத்திரம் வெக்கத் தட்டு, எல்லாம் உண்டு."

அதன் பிறகு சித்தி அந்தக் குண்டுக்குத் தேங்காயெண்ணெய் தடவித் துணியில் சுற்றி பீரோவுக்குள் வைத்தாள். துரு பிடிக்கக் கூடாதாம். அவள் எதையும் அவ்வளவு பத்திரமாக வைத்து நான் பார்த்ததில்லை. பத்திரமாக வைக்க அவளுக்கென்று அதிகம் எதுவும் இல்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் வீடு கூட்டுக் குடும்பம். அப்பா வயலுக்கு ராஜா, அம்மா அடுப்புக்கு. சித்தி அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது நான் பிறப்பதற்கு முன்பு. காய் நறுக்குவது, அரைப்பது, புளி கரைப்பது, குழம்பு பொங்காமல் பார்த்துக்கொள்வது எல்லாம் சித்தி. உப்புப் போடுவது மட்டும் அம்மா. அம்மா குளிக்கப் போயிருந்தால் குழம்பு அடுப்பில் கொதித்துக்கொண்டு காத்திருக்கும். வந்து, ஈரத் தலையோடு, ஜாடியில் கையை விட்டு அள்ளிப் போடுவாள். அளவு கரண்டி கிடையாது, ருசி பார்ப்பதும் கிடையாது. ஆவியை முகர்ந்தே இன்னும் ஒரு கல் உப்பு வேண்டும் என்று சொல்லிவிடுவாள். சித்தி தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த சீர்ப் பாத்திரங்கள், அவள் பெயர் வெட்டியவை, பரண் மேல் சாக்கில் கட்டிக் கிடந்தன. வீட்டில் பாத்திரத்துக்குப் பஞ்சமில்லாதபோது அதை எதற்கு இறக்க வேண்டும் என்பது அம்மாவின் நியாயம். அதில் தப்புச் சொல்ல முடியாது. அம்மாவின் நியாயங்கள் எல்லாமே அப்படித்தான், தப்புச் சொல்ல முடியாதவை.

மன்னார்குடி போகிற சாலையில் லாரிகளுக்கு மரத்தில் பாடி கட்டும் பட்டறை ஒன்று இருந்தது. சித்தப்பா புகைப்படத்தோடு அங்கே போனார். என்னையும் அழைத்துப் போனார். மேஸ்திரி படத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"என்னங்க இது, பிஸ்கோத்து டின்னு மாதிரி இருக்கு?"

"லேசாத்தான் இருக்கணும் மேஸ்திரி. காருதான் இழுக்கப் போவுது."

"லேசா கட்டினா நம்ம பட்டறை பேரு என்னாவுறது? யானை ஏறினாலும் அசையக் கூடாதுங்க."

"இதுல யானை ஏறாது மேஸ்திரி."

"ஏறினா?"

யானை ஏறாது என்று நிரூபிப்பது எளிதல்ல. ஆகவே யானை ஏறினாலும் தாங்குகிற வீடு தயாரானது. அடியில் லாரிச் சட்டம், நடுவில் ஓர் அச்சு, அதில் இரண்டு லாரிச் சக்கரம். தரைக்குத் தேக்குப் பலகை. சுவருக்கு உள்ளே மரம், வெளியே தகரம். ஜன்னல்களுக்குக் கம்பி, ஓடுகிற வீட்டுக்குத் திருடன் வந்தால்? மேஸ்திரி எல்லாவற்றையும் யோசித்திருந்தார். பின்பக்கம் பச்சை வண்ணத்தில் இரண்டு கிளிகள் வரைந்து, நடுவே 'ஒலி எழுப்பவும்' என்று எழுதியும் கொடுத்தார். இழுப்பதற்குச் சித்தப்பா ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கியிருந்தார். கார் என்றால் அந்தக் காலத்தில் ஒரே மாதிரிக் கார்தான். பெயர் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அது ஏற்கெனவே பல கல்யாண கோஷ்டிகளைச் சுமந்து களைத்திருந்தது.

எடை விஷயத்தில் சித்தப்பா அறியாதவர் அல்ல. துபாயில் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். பின்னால் வருவதன் எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் உட்கார வேண்டும். குறைந்தால் வீட்டின் வால் ஆடும். கூடினால் காரின் பின்புறம் தாழ்ந்துவிடும். முதலில், இழுக்கிற வண்டிக்கு இழுக்கப்படுகிற வண்டியை அடக்கும் கனம் இருக்க வேண்டும். இதைத் தீப்பெட்டி, பென்சில் வைத்துச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் விளக்குவார்.

"மாட்டு வண்டிக்குச் சொல்ற முன்பாரம்தானடா இது? பின்பாரம் வெச்சா நுகத்தடி தூக்கி மாடு தொங்கும்," என்றார் அப்பா.

"அது மாட்டுக்கு அண்ணே. இது சயின்ஸு."

சித்ரா பௌர்ணமிக்குப் பூம்புகாரில் இரண்டு நாள் தங்கிவிட்டு வருவது என்று முடிவாயிற்று. சித்தப்பா, சித்தி, நான். நான் அதுவரை கடல் பார்த்ததில்லை. நாகூர் வரை போயும் கந்தூரிக் கூட்டத்தில் மனிதத் தலைகளை மட்டுமே பார்த்துவிட்டு வந்தவன். எனவே இந்தப் பயணத்தில் என் பங்கு மிகப் பெரியதாக எனக்குத் தோன்றியது.

"வீட்டை எதுக்குடா இழுத்துட்டுப் போறீங்க? வீடுதான் இங்க இருக்கே," என்று அப்பா ஒரே ஒரு முறை கேட்டார். கேட்டுவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

சாமான் ஏற்றும் பொறுப்பு சித்தியுடையது. கதவைச் சாத்திக்கொண்டு ஏற்றினாள். அம்மா வயல் வேலைக்காரர்களுக்குச் சோறு போடப் பின்கட்டுக்குப் போகும் நேரம் பார்த்துத்தான் வாசல் பக்கம் சாமான்கள் நடமாடின. "அக்கா தூக்க வேணாம், நான் பாத்துக்கறேன்," என்று அம்மாவைக் கிட்டே விடவில்லை. உதவிக்கு நான் போனாலும் கையில் தலையணையைத்தான் கொடுத்தாள். பீரோவையும் சாக்குப் போட்டு மூடிய ஏதோ கனமான சாமான்களையும் தூக்கி வைக்க மட்டும் இரண்டு ஆட்கள் வேண்டியிருந்தது. கடற்கரைக்கு பீரோ எதற்கு என்று ஆட்களில் ஒருவர் கேட்டதற்கு, "துணி மாத்திக்கத்தான்," என்றாள் சித்தி. எனக்கு அது நியாயமாகவே பட்டது. இப்போது என் மனைவி இரண்டு நாள் பயணத்துக்கு என்ன கட்டினாலும் நான் எதற்கு என்று கேட்பதில்லை. அதற்கான காரணத்தை இந்தக் கட்டுரை முடிவதற்குள் வாசகர்கள் ஊகித்துவிடுவார்கள்.

புறப்படும் காலையில் ஊரே வாசலில் நின்றது. சித்தப்பா காரைப் பின்னால் நகர்த்தி, குண்டின் மேல் கிண்ணத்தைக் கவிழ்த்துக் கொண்டியைப் போட்டார். கார் மெதுவாக உட்கார்ந்தது. பின்புறம் தரையைத் தொடுவதுபோல் தாழ்ந்து, முன்விளக்குகள் இரண்டும் வானத்தை அண்ணாந்து பார்த்தன. தவறு எங்கே என்று தெளிவாகத் தெரிந்தது: சமையலறை வீட்டின் முன்பக்கத்தில் இருந்தது, சித்தி கனமான எதையும் அடுப்புக்கு அருகிலேயே வைத்திருந்தாள்.

இந்த இடத்தில் எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நெல் விளைகிற ஊர். வயலில் தண்ணீர் ஒரே மட்டமாக நிற்க வேண்டும் என்பதற்காகவே பிறந்து, பரம்படித்து, வாழ்ந்து முடிக்கிற ஜனங்கள். மேடு என்ற ஒன்றையோ பள்ளம் என்ற ஒன்றையோ அவர்கள் கண் பொறுக்காது. சாய்ந்து நின்ற காரைப் பார்த்ததும் கூட்டத்துக்குக் கை பரபரத்தது.

"முன்னால பள்ளமா இருக்குங்க. பாரத்தைப் பின்னால தள்ளுங்க."

"பீரோவ மொதல்ல தள்ளு. அப்படியே அந்த மூட்டையும்."

"ஒரு லோட்டாவுல தண்ணி வெச்சுப் பாருங்கப்பா, தெரிஞ்சுடும்."

லோட்டாவில் தண்ணீர் வந்தது. அதை வீட்டின் தரையில் வைத்து, ஒவ்வொரு சாமானாகப் பின்னால் நகர்த்தினார்கள். துபாய், பத்தில் ஒரு பங்கு, தீப்பெட்டி எல்லாம் சித்தப்பாவின் நினைவில் இருந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு மனிதன் தன் ஊரார் அத்தனை பேரும் மட்டம் பார்க்கும்போது தனியாக நின்று சாய்வை ஆதரிப்பது கஷ்டம். லோட்டாத் தண்ணீர் விளிம்போடு விளிம்பாக நின்றபோது கூட்டம் கைதட்டியது. கார் தலைகுனிந்து நல்ல பிள்ளையாக நின்றது. கொக்கியின் மேல் இப்போது பாரமே இல்லை என்பதைக் கவனித்தவர் அப்பா ஒருவர்தான்.

"பின்பாரமாயிடுச்சுடா."

"மட்டமா இருக்கு பாருங்க அண்ணே."

"நிக்கிறப்ப மட்டம். ஏத்தத்துல?"

சித்தப்பா வண்டியைக் கிளப்பிவிட்டார். நான் முன் இருக்கையில். சித்தி காரில் ஏறவில்லை. "நான் வீட்டுக்குள்ளயே இருந்து வர்றேன்," என்று பின்னால் ஏறிக்கொண்டாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவைப் பார்த்துச் சிரித்தாள். வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தபோது மட்டும் முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

தெரு தாண்டும்வரை எல்லாம் சரியாக இருந்தது. சாலையில் கொஞ்சம் வேகம் பிடித்ததும் வீடு ஆடத் தொடங்கியது. வால் இடப்பக்கம் போனால் கார் வலப்பக்கம் போயிற்று; கார் திரும்பினால் வால் மறுபக்கம் போயிற்று. யார் யாரை இழுக்கிறார்கள் என்பதில் ஒரு கருத்து வேறுபாடு ஏற்பட்டதுபோல் இருந்தது. நான் அதை ஊஞ்சலாக நினைத்து ரசித்தேன். சித்தப்பா ரசிக்கவில்லை. அவருடைய காதோரம் வேர்வை ஓடியது. வேகத்தைக் குறைத்தார், ஆட்டம் நின்றது. அரிசி மில் வந்தது. அதைத் தாண்டிப் பாலம்.

டெல்டாவில் ஏற்றம் என்பதே கிடையாது, வாய்க்கால் பாலத்தைத் தவிர. கார் பாலத்தின் மேட்டில் ஏறியது. வீடு பின்னால் சாய்ந்தது. உள்ளே ஏதோ ஒன்று உருண்டது. அதைத் தொடர்ந்து எல்லாமும் உருண்டன. வீட்டின் வால் சாலையில் உட்கார, மூக்கு மேலே எழும்ப, கொண்டி போட்டிருந்ததால் காரின் பின்புறமும் அதோடு எழும்பியது. பின்சக்கரங்கள் காற்றில் சுற்றின. எஞ்சின் அலறியது. என் கண் முன்னால் இருந்த வானம் மறைந்து சாலை வந்தது.

"இந்தா, முன்னால வா! முன்னால வா!" என்று சித்தப்பா தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

சித்தி உள்ளே முன்பக்கமாக ஓடி வந்தாள். கார் தரைக்கு இறங்கியது. சக்கரம் பிடித்து ஒரு முழம் நகர்ந்தது. பின்னால் மறுபடி ஏதோ உடைகிற சத்தம் கேட்டதும் சித்தி அதைப் பிடிக்கப் பின்னால் ஓடினாள். கார் மறுபடி எழும்பியது.

"நீ எதுக்கு அங்க போற?"

"ஜாடிங்க!"

"ஜாடி கெடக்குது, வாடி!"

வந்தாள். இறங்கினோம். போனாள். எழும்பினோம். சித்தி எங்கே நிற்கிறாளோ அதைப் பொறுத்துத்தான் வீடும் காரும் இருந்தன. இதை அப்போது நான் ஒரு விளையாட்டாகவே பார்த்தேன். முடிவில் வீடு வென்றது. பாலத்தின் சரிவில் காரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே வந்து, மில் வாசல் மண்ணில் வாலை ஊன்றி நின்றுகொண்டது. யாருக்கும் அடியில்லை.

அப்பா டிராக்டரோடு வந்தார். வருவார் என்று தெரிந்ததுபோல் சங்கிலியும் கொண்டுவந்திருந்தார். காரைக் கழற்றிவிட்டு டிராக்டரில் சங்கிலி கட்டியதும், வீடு ஆட்டுக்குட்டி மாதிரி பின்னால் வந்தது. மில்லில் நெல் லோடு நிறுக்கிற எடைமேடை இருந்தது. சித்தப்பாவுக்கு இப்போதுதான் துபாய் ஞாபகம் முழுதாகத் திரும்பியிருந்தது. எடை தெரிந்தே ஆக வேண்டும் என்றார். மேடையில் ஏற்றினார்கள்.

"சரக்கு என்னன்னு போடணும்ங்க. நெல்லா, உமியா?" என்று கேட்டார் எடைமேடைக்காரர்.

"வீடு."

"அப்படி ஒண்ணு நம்மகிட்ட இல்லீங்களே."

கடைசியில் உமி என்று போட்டுக்கொண்டு எடையைச் சொன்னார். எங்கள் பக்கத்தில் எந்தக் கனத்தையும் மூட்டையில் சொன்னால்தான் மண்டையில் ஏறும். சுமார் நாற்பது மூட்டை நெல். காரைப் போல் இரண்டு மடங்கு. பத்தில் ஒரு பங்கு கொக்கியில் உட்கார வேண்டுமென்றால் நாலு மூட்டை நெல்லைக் காரின் வாலில் ஏற்ற வேண்டும். காலையில் கார் உட்கார்ந்துபோனதற்கு அர்த்தம் அதுதான். பாரத்தை எடுத்துவிட்டால் வால் ஆடும், மூக்கு தூக்கும். இந்த வீட்டுக்கு இந்தக் கார் இல்லை. இந்தக் காருக்கு இந்த வீடு இல்லை. சித்தப்பா எடைமேடை ஓரத்தில் குந்தி உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்துவிட்டு, விடையும் கண்டுபிடித்தார். சாமான்களை இறக்கிவிடலாம்.

"ரெண்டு நாளைக்கு என்னத்துக்கு இவ்வளவு சாமான்? எறக்கு, எறக்கு."

"எறக்க வேணாங்க," என்றாள் சித்தி. யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

மில்லில் நெல் காயப்போடுகிற சிமெண்டுக் களம் அன்று காலியாக இருந்தது. சாமான்கள் ஒவ்வொன்றாக அங்கே இறங்கின. செய்தி போய் அம்மாவும் வந்து சேர்ந்திருந்தாள். அம்மாவுக்குப் பின்னால் தெருவே வந்திருந்தது. முதலில் பீரோ. அடுத்து அரிசி மூட்டை. பிறகு அம்மிக்கல், குழவியோடு. ஆட்டுக்கல். தையல் மிஷின். வருஷத்துக்குப் போட்ட ஊறுகாய் ஜாடிகளில் உடையாதவை. வடாம் ஒரு டின். மழைக்குக் குடை, பனிக்குக் கம்பளி. சித்தியின் கல்யாணப் படம், கண்ணாடி கீறிப்போய். அடியிலிருந்து சாக்கு மூட்டைகள். ஒன்று அவிழ்ந்து, பரண் மேல் கிடந்த அண்டா, தவலை, குடம், சொம்பு எல்லாம் வெயிலில் உருண்டன. ஒவ்வொன்றின் கழுத்திலும் சித்தியின் பெயர்.

கடல் காற்றுக்குப் பசி அதிகம் எடுக்கும் என்று பள்ளியில் யாரோ சொல்லியிருந்தார்கள். எவ்வளவு பசி என்று நான் வியந்துகொண்டிருந்தேன்.

முதலில் இறங்கிய சாமான்களுக்குக் கூட்டத்தில் சிரிப்பு இருந்தது. அம்மி இறங்கியபோது அது நின்றது. கம்பளி இறங்கியபோது பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சித்தி எதையும் பார்க்கவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு, வீட்டின் படியில் நின்றாள். எல்லாம் இறங்கிவிட்டதா என்று அம்மா படியில் கை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். நானும் அவள் கைக்குக் கீழே எட்டிப் பார்த்தேன். காலியான தரையில், அடுப்புக்குப் பக்கத்தில், உருளாமல் இருப்பதற்காகத் துணி சுற்றி மூலையில் முட்டுக்கொடுத்து, நாலு பொருள்கள் இருந்தன. ஒரு காமாட்சி விளக்கு. ஒரு சின்னக் குடத்தில் தண்ணீர். ஒரு கிண்ணத்தில் மஞ்சள். ஒரு புது ஜாடியில் கல் உப்பு.

அம்மா அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடற்கரையில் உப்புக்கா பஞ்சம் என்று சிரிக்கப் போகிறாள் என எதிர்பார்த்தேன். அம்மா சிரிக்கவில்லை.

"இப்ப இழுக்கும் அண்ணி," என்றார் சித்தப்பா, எழுந்து கையைத் தட்டிக்கொண்டு. அவர் ஒருவர்தான் அந்தக் களத்தில் சந்தோஷமாக இருந்தார். "இதையெல்லாம் டிராக்டர்ல ஏத்தி வீட்டுக்கு அனுப்பிச்சிட்டா, அரை மணியில கெளம்பிடலாம்."

"அப்ப நான் வரல," என்றாள் சித்தி.

"ஏன்?"

"சாமான் இல்லாட்டி அது வெறும் வண்டிங்க."

சித்தப்பா அண்ணனைப் பார்த்தார். அப்பா டிராக்டரைப் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் ஆண்கள் ஒரு முக்கியமான நேரத்தில் என்ன செய்வார்கள் என்பதற்கு அன்று முதல் எனக்கு வேறு உதாரணம் தேவைப்படவில்லை. நானும் அந்த வழக்கத்தை இயன்றவரை காப்பாற்றி வருகிறேன்.

"சாமானோட அந்த வண்டி நகராதா தம்பி?" அம்மாதான் கேட்டாள்.

"காரு இழுக்காது அண்ணி. எடை பாத்தாச்சுல்ல."

"நல்லாப் பாத்தீங்களா? நகரவே நகராதா?"

"நகராது அண்ணி."

"சரி. நகராதுன்னா என்ன பண்றது? பக்கத்துல நம்ம திடல் சும்மாத்தானே கெடக்கு. அதுல கொண்டு நிறுத்துங்க." பிறகு சித்தியின் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்: "சாமானெல்லாம் வெயில்ல காயுது பாரு, புள்ள. எடுத்து உள்ள வையி."

அப்பா டிராக்டரைக் கிளப்பினார். வீடு கடைசியாக ஒரு முறை நகர்ந்து, திடலில் தென்னைகளுக்கு நடுவே நின்றது. சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். அந்தச் சக்கரங்கள் பின்னால் ஓர் அறுவடைக் காலத்தில் அப்பாவின் நெல் டிரெய்லருக்குப் போயின, யாரும் ஆட்சேபிக்கவில்லை.

எனக்குத்தான் பெரிய அநியாயம் நடந்திருந்தது. கடல் போயிற்று. களத்தில் உருண்டு புரண்டு அழுதேன். எல்லோரும் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்ததால் எனக்கு ஆறுதல் சொல்ல ஆள் இல்லை. சித்தப்பா மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, கொக்கியின் மேல் எவ்வளவு பாரம் இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு விளக்கினார். சித்தி என்ன நினைத்துச் சாமான் கட்டினாள் என்பது அவருக்கு முன்பே தெரியுமா தெரியாதா என்று இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டால் கொக்கியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு அம்மா ஒரு சொம்பில் பால் கறந்து எடுத்துக்கொண்டு திடலுக்குப் புறப்பட்டாள். நானும் அப்பாவும் பின்னால் போனோம். சித்தி காமாட்சி விளக்கை ஏற்றி வைத்திருந்தாள். பாலைத் தன் பெயர் வெட்டிய பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தாள். பொங்கி வழிந்தபோது அம்மாவும் சித்தியும் அடுப்பையே பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பால் பொங்கினால் எங்கள் வீட்டில் சித்திக்குத் திட்டு விழும். அன்று விழவில்லை.

அங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள் சித்தி. சோறு, சாம்பார், சுட்ட அப்பளம். தென்னை மரத்தடியில் வரிசையாக உட்கார்ந்தோம். அம்மா ஒருவர் வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்தது அதற்கு முன் நினைவில்லை. சித்தி கரண்டியோடு நின்று அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

நான் ஒரு வாய் வைத்தேன். நிமிர்ந்தேன். அப்பா இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சித்தப்பா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

"எப்படிக்கா இருக்கு?"

"இன்னொரு கரண்டி ஊத்து," என்றாள் அம்மா.

இரண்டாம் முறையும் வாங்கிப் பிசைந்து, இலையில் ஒரு பருக்கை இல்லாமல் சாப்பிட்டாள். எனக்கும் மிச்சம் வைக்கக் கூடாது என்று கண்ணால் உத்தரவு வந்தது. கடலும் இல்லாமல் சாம்பாரும் இப்படி என்று நொந்துகொண்டே விழுங்கினேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா முன்னால் போய்விட்டார். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மில் தாண்டியதும் பொறுக்க முடியவில்லை.

"ஏம்மா, சாம்பார்ல உப்பே இல்லையே?"

அம்மா நறுக்கென்று என் தொடையில் கிள்ளினாள்.

"நல்லாத்தான் இருந்துச்சு. வாய மூடிக்கிட்டு வா."

உப்பு ஜாடி அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்ததை நான் என் கண்ணால் பார்த்திருந்தேன். சித்தி எத்தனையோ வருஷமாக எங்கள் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தவள். அவ்வளவு கெட்டிக்காரிக்குக் கை எப்படித் தவறியது என்றுதான் குழம்பினேனே தவிர, அந்தக் கையை யாரும் உப்பு ஜாடிக்குள் போக விட்டதில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மாவின் நாக்கு உப்பைக் கவனிக்கத் தவறிய ஒரே நாள் அதுதான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.